செய்த இடம், கிடைத்த இடம்

தடைக்காலப் பணத்துக்காகக் கட்டை விரலை
மூன்று முறை வைத்தேன்.
மூன்று முறையும் சிவப்பு விளக்கு.
"துடைச்சிட்டு வைங்க" என்றான் பையன்.
முந்தானையில் துடைத்து வைத்தேன்.
"ரேகையே இல்லையேம்மா உங்களுக்கு."
வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்
நான் எதையோ ஒளித்து வைத்திருப்பதுபோல.

சாப்பாட்டுக்குப் பிறகு வரச் சொன்னான்.
கண்ணைக் காட்டினால் எடுக்குமா பார்க்கலாமாம்.

ராமநாதபுரத்தில் வெயிலுக்கு ஒதுங்க
எனக்குத் தெரிந்தது பஸ் ஸ்டாண்டு ஒன்றுதான்.
அங்கே உட்கார இடமில்லை.
அரண்மனைப் பக்கம் நடந்தேன்.
அருங்காட்சியகம் என்று போட்டிருந்தது.
உள்ளே மின்விசிறி ஓடியது.
அதற்காகத்தான் சீட்டு வாங்கினேன், பொய் சொல்ல மாட்டேன்.

வாள். பல்லக்கின் கொம்பு. மூக்கு உடைந்த சாமி.
மீசை மட்டும் மங்காத யாரோ ஒரு ராஜா.
கடைசி அறையில் ஓட்டாஞ்சில்லு.
எங்கள் தெருவில் குழி தோண்டினால் வருகிற மாதிரிதான்,
இதற்கு மட்டும் கண்ணாடி, பூட்டு.

மதுச்சாடியின் கைப்பிடி.
கிடைத்த இடம்: அழகன்குளம்.
செய்த இடம்: இத்தாலி.
காலம்: ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்.

இத்தாலி எனக்குத் தெரியும்.
கம்பெனியில் பெட்டிமேல் ஒட்டும் தாளில் வரும்.
பதினேழு வருடமாகக் கணவாயைப் பிளந்து
மைப்பை கிழியாமல் எடுத்து
ஓடு உருவி, தோல் உரித்து
ஐஸ் தண்ணீரில் அலசி
அங்கேதான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.
எங்கள் அந்தோணியார் அடக்கமான பதுவையும்
அங்கேதான் என்று சாமியார் சொல்லியிருக்கிறார்.

சாடி முழுதாய் வந்திருக்கும்.
இறக்கும்போது எவன் கையிலோ நழுவியிருக்கும்.
அன்றைக்கு அவன் கூலியில் பிடித்திருப்பார்கள்.
போன ஆடியில் எனக்கும் பிடித்தார்கள்
ஒரு பெட்டிக்கு நானூறு.

கரண்ட் போனது.
விசிறி இன்னும் நாலு சுற்றுச் சுற்றி நின்றது.
காவலர் வந்தார். சட்டையில் பெயர்: வில்லாயுதம்.
செல்போன் விளக்கைக் கண்ணாடியில் ஒருக்களித்துப் பிடித்தார்.
"நேரா அடிச்சா தெரியாதும்மா. சாய்ச்சுப் பிடிக்கணும்."

கைப்பிடி சாடியோடு ஒட்டும் இடத்தில்
ஒரு பள்ளம்.
ஈரமண்ணில் எவனோ கட்டை விரலை அழுத்தியிருக்கிறான்.
பள்ளத்துக்குள்ளே கோடுகள்,
ஒன்றை ஒன்று தொடாமல் வளைந்து,
காற்று நின்றபின் மணலில் இருக்குமே
அந்த மாதிரி.

கடலைத் தாண்டி வந்திருக்கிறது.
உடைந்திருக்கிறது.
வைகை வண்டலுக்கு அடியில்
எத்தனை மழைக்காலம் கிடந்ததோ.
கோடு ஒன்றுகூட அழியவில்லை.
அவன் பெயர் சீட்டில் இல்லை,
ஒரு சாடிக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதும் இல்லை.

என்னுடையது எங்கே போனது?
ஐஸில் கொஞ்சம், உப்பில் கொஞ்சம்,
கை கழுவச் சொல்லும் அந்த மருந்துத் தண்ணீரில் கொஞ்சம்.
மிச்சம் கணவாயோடு பெட்டி ஏறிப் போயிருக்கும்.
பதுவையில் யாராவது எண்ணெயில் பொரித்து
எலுமிச்சை பிழிந்து தின்றிருப்பார்கள்.

காணாமல் போனதைக் கண்டெடுத்துத் தருகிறவரே,
கம்மல் திருகாணி கேட்டேன், கொடுத்தீர்.
மழையில் போன ரேஷன் அட்டை கேட்டேன்,
பனைமரத்தடியில் கிடைத்தது.
இதை எந்த வாயால் கேட்க?
கேட்டால், நீர் எந்த ஊரில் தேடுவீர்?

"தொடாதீங்க" என்றார் வில்லாயுதம்.
கண்ணாடியில் என் விரல் இருந்ததை
அப்போதுதான் பார்த்தேன்.
வழவழவென்று ஓர் ஈரத் தடம்.
அவர் துணியால் துடைத்தார்.

மூன்று மணிக்குக் கண்ணைக் காட்டினேன்.
"இமைக்காதீங்க."
இமைக்கவில்லை.
பச்சை.

பையன் திரையைப் பார்த்துப் படித்தான்:
"சலேத்மேரி, தங்கச்சிமடம். ஊர் சரிதானே?"
செய்த இடமும் அதுதான்,
கிடைத்த இடமும் அதுதான் என்றேன்.

"சரின்னு மட்டும் சொல்லுங்கம்மா,
பின்னாடி ஆள் நிக்குது."